வழுக்கும் மெருகு

பட்டறையில் அவளுக்கு நகம் என்று பெயர். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். கண்ணுக்குத் தப்புகிற கீறல் நகத்துக்குத் தப்பாது என்பாள். பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். அண்ணி அதோடு ஒரு அம்மாவைச் சேர்த்து 'நகம்மா' ஆக்கிவிட்டாள். கூரியர் கொண்டுவருகிறவர்கள் அதை நாகம்மா என்று எழுதிக்கொண்டு போவார்கள். அவள் திருத்துவதில்லை.

பட்டறை பெரிதில்லை. டயர் கடைக்கு மேலே முதல் மாடி, நீளமாக ஒரே கூடம், மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு ஓர் ஆபீஸ் அறை. பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். செய்வது மடக்குக் கத்தி மட்டும். பையில் போட்டுக்கொண்டு போய், பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, ஆப்பிள் நறுக்க என்று நாள் முழுக்க எடுத்து எடுத்து வைக்கிற கத்தி. ஆனால் விலையைக் கேட்டால் பாதிப் பேர் மெதுவாகக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிவிடலாம். அந்த விலை கொடுக்கிறவர்கள் வெட்டும் அலகைப் பார்ப்பது அப்புறம்தான். முதலில் கைப்பிடியைத்தான் தடவிப் பார்ப்பார்கள். கைப்பிடியின் மெருகு நகத்தின் பொறுப்பு.

புது மாடலுக்காக அண்ணன் ஒன்றரை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டான். டைட்டானியம் கைப்பிடி. விரலுக்குத் தடுப்பாக மேடு, பள்ளம் எதுவும் இல்லாமல் ஒரே ஓட்டமாக, பையில் கிடந்தால் கிடப்பதே தெரியாத மெல்லிசு. அதற்குக் கண்ணாடி மெருகு போட்டாள் நகம். நானூறாம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து மூவாயிரம் வரை, அதற்கு மேல் துணிச்சக்கரம், பசை, கடைசியில் வெறும் உள்ளங்கை. மொத்தம் பதினோரு தேய்ப்பு, ஒரு கைப்பிடிக்கு ஒன்றரை நாள். முதல் கைப்பிடியை முடித்து விளக்குக்கு அடியில் பிடித்தபோது அவள் மூக்கின் மேலிருந்த மச்சம்கூட அதில் தெரிந்தது. பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு வேலை அவள் கையிலிருந்து வந்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மாசம் கழித்து அண்ணி அதைப் படம் எடுத்துக் கடைக்காரம்மாவுக்கு அனுப்பினாள். ஏழு ஊர்களில் கடை வைத்திருக்கிறவள் அவள். விலை உயர்ந்த பேனா, கடிகாரம், கத்தி என்று கையில் வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்கிற சாமான்களுக்கான கடை. பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நேரில் வருகிறேன், பிடித்துப் பார்த்துப் பிடித்திருந்தால் அங்கேயே கையெழுத்து.

வியாழக்கிழமையும் வந்தது. காலை ஒன்பதரை மணிக்கு நகம் தன் மேசையில் உட்கார்ந்து ஒரு துண்டுக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு கத்திகள் செய்திருந்தார்கள். மூன்று, கடைக்காரம்மாவுக்குக் காட்டத் தட்டில் இருந்தன. மற்ற மூன்றைத் தெரிந்த மூன்று பேருக்குக் கொடுத்து, மூன்று வாரம் தினமும் பயன்படுத்திவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிற பெண் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்து எழுதியிருந்தாள். தோட்டக்காரர் இரண்டே வரி எழுதியிருந்தார். 'பார்க்க லட்சணம். ஈரக் கையோடு எடுக்க யோசனையாக இருக்கிறது.' மூன்றாவது ஆள் லிஃப்ட் மெக்கானிக். அவரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. நாலு நாளாக நகம் போன் அடிக்கிறாள். மணி போகிறது, எடுப்பதில்லை.

யோசனையாக இருக்கிறது என்றால் என்ன யோசனை? அவள் எழுந்து போய்க் கையில் சோப்புப் போட்டு, கழுவாமல் வந்து, தட்டிலிருந்த கத்தியில் ஒன்றை விரித்தாள். நாலாக மடித்த அட்டையை மேசையில் நிறுத்தி அலகை உள்ளே குத்தி அழுத்தினாள். பாதி தூரம் போய் அலகு நின்றது. கை நிற்கவில்லை. சரக்கென்று முன்னால் ஓடியது. விரலை விரித்துவிட்டதால் தப்பினாள். கத்தி அட்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் ஆபீஸ் அறையில் பெட்டிகளுக்கு வெல்வெட் துணி வெட்டிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்றாள்.

"அண்ணா, மெக்கானிக் ஏதாவது சொன்னாரா?"

"நல்லா இருக்குன்னார்."

"எப்ப? நான் நாலு நாளா அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கிறார்."

"எங்கிட்ட பேசினார். அவருக்கு வேலை அதிகம்." தலை நிமிராமலே சொல்லிவிட்டு அண்ணன் இடது காதைத் தேய்த்துக்கொண்டான். சின்ன வயதில் அம்மாவிடம் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் தேய்த்த அதே காது.

நகம் வாசலிலிருந்து திரும்பினாள். பசை தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மெக்கானிக்கின் வீடு பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஆறு மாடிக் குடியிருப்பு, அவர் இருப்பது ஆறாவதில். கீழே லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'பழுது. சரி செய்பவருக்கு உடம்பு சரியில்லை. மன்னிக்கவும்.' அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மாடிப்படியில் ஏறினாள். நாலாவது மாடியில் மூச்சு வாங்கியது. நிற்கவில்லை.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. நகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"கத்திப் பட்டறைதானே? உங்க அண்ணன்தான் வந்துட்டுப் போயிட்டாரே. இன்னும் என்ன?"

"அண்ணன் வந்தாரா? எப்பக்கா?"

"ஞாயித்துக்கிழமை. ஒரு கூடை பழத்தோட." அந்த அம்மாள் கதவை அகலத் திறந்தாள். "உள்ள வா. வந்து நீயே பாரு."

மெக்கானிக் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கை வரை கட்டு. சுட்டுவிரல் மட்டும் ஒரு தகட்டோடு சேர்த்துத் தனியாக நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. நகத்தைப் பார்த்ததும் சங்கடத்தோடு சிரித்தார்.

"வாம்மா. போனை எடுக்கலைன்னு கோபமா? எடுத்தா உங்கிட்ட பொய் சொல்லணும். அதான் எடுக்கல."

"என்ன ஆச்சு அண்ணே?"

"மோட்டார் ரூம்ல கிரீஸ் கையோட இருந்தேன். கேபிளைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை அறுக்கப் போனேன். கத்தி நின்ன இடத்துல நின்னுச்சு. கை மட்டும் முன்னால போயிடுச்சு." அவர் கட்டைப் பார்த்துக்கொண்டார். "உள்ள நரம்பு மாதிரி ஒண்ணு இருக்காமே, விரலை மடக்கறது. அது அறுந்துடுச்சு. தைச்சிருக்காங்க. மடங்குமா மடங்காதான்னு ஆறு வாரம் கழிச்சுத்தான் தெரியும்னார் டாக்டர்."

"எங்கிட்டக்கூட தகரம் கீறிடுச்சுன்னுதான் சொன்னார்" என்றாள் மனைவி. "இவர் போன்ல சொல்லி, உங்க அண்ணன் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தப்பதான் விஷயமே வெளியில வந்துச்சு. வியாழக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, அதுக்கப்புறம் நான் எல்லாத்தையும் பார்த்துக்கறேன்னார். இவரும் மண்டையை ஆட்டிட்டார். பெரிய மனுஷன் இவரு."

"ஏன் அப்படிச் சொல்றே? நல்ல பையன்தான். பயந்து போயிருக்கான்" என்றார் மெக்கானிக். "கத்தி மேல தப்பு இல்லம்மா. என் கையிலதான் கிரீஸ்."

"கிரீஸ் கையில இருக்கும்னு தெரிஞ்சுதானே உங்ககிட்ட குடுத்தோம்." நகம் அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பளபளப்பு நான் போட்டது அண்ணே."

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நகத்தின் கையில் கொடுத்தாள். நகம் நின்றுகொண்டே குடித்தாள்.

பட்டறைக்குத் திரும்பியபோது மணி ஒன்றே கால். ஆபீஸ் மேசையில் வெள்ளைத் துணி விரித்து அண்ணி ஒப்பந்தத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றிருந்தான். நகம் நேராக அவனிடம் போனாள்.

"அவர் கையைப் பார்த்துட்டு வர்றேன்."

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. கம்ப்ரசர் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். அந்தப் பார்வைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலைக் கிளப்பியது.

"கத்தின்னா வெட்டத்தான் செய்யும் நகம்."

"எதை அறுக்கிறோமோ அதை வெட்டணும். பிடிச்சிருக்கிறவனை இல்ல."

"இன்னிக்கு ஒரு நாள் பேசாம இரு. கையெழுத்து ஆகட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மெருகைக் குறைச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது."

"அந்தம்மா அந்த மெருகைப் பார்த்துட்டுத்தானே வர்றாங்க? குறைச்சா தெரியாதா?"

அவன் குரல் மாறியது. கெஞ்சுகிற குரல்.

"பன்னண்டு பேர் இருக்காங்க. போன வருஷம் எப்படித் தள்ளினோம்னு உனக்குத் தெரியாதா? மெக்கானிக்கை நான் விட்டுடுவேனா? நான் என்ன அவ்வளவு மோசமானவனா? ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் கேக்கறேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "உன் கையால இதைவிட நல்ல வேலை வந்ததில்லை. உனக்கே அதை இல்லைன்னு சொல்ல மனசு வருதா?"

அது சரியான இடத்தில்தான் குத்தியது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். வேறு யாராவது போட்ட மெருகாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

அவள் திரும்பி நடந்தாள். மேசைக்குப் போய்த் தட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்தாள். திருகாணிகளைக் கழற்றி அலகைத் தனியே வைத்தாள். கைப்பிடியின் இரண்டு பக்கத் தகடுகளையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

பின்னறையில்தான் மணல் பெட்டி இருந்தது. உள்ளே இருப்பது மணல் இல்லை, பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். காற்றழுத்தத்தில் அவை ஒரு குழாய் வழியாகப் பாய்ந்து வந்து உலோகத்தின் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கும். பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்குக் கீழே கை நுழைக்க இரண்டு ரப்பர் உறைகள், தரையில் காற்றைத் திறந்துவிட ஒரு பெடல். தகடுகளை உள்ளே வைத்து மூடிவிட்டு உறைகளுக்குள் கையை விட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

"நகம். கதவைத் திற."

அவள் முதல் தகட்டை எடுத்துக் குழாய்க்கு நேரே பிடித்தாள். பெட்டிக்குள்ளிருந்த விளக்கு அதில் பட்டுத் தெறித்தது. தகட்டுக்குள் ஜன்னலும், ஜன்னலுக்குப் பின்னால் அவள் முகமும்.

"அதைத் தொடாதே. சொல்றேன்ல, திற." இப்போது தட்டவில்லை, இடித்தான். தாழ்ப்பாள் ஆடியது. "இன்னும் அரை மணி நேரம்கூட இல்ல. மூணு காட்டறேன்னு சொல்லியிருக்கு. இன்னொண்ணு செய்ய முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். ஒன்றரை நாள். அவள் கால் பெடலின்மேல் இருந்தது, அழுத்த மாட்டேன் என்றது. கட்டுப் போட்ட அந்த விரலை நினைத்துப் பார்த்தாள். அப்போதும் கால் அசையவில்லை. காலையில் தன் விரல் அலகை நோக்கி ஓடிய அந்த ஒரு கணத்தை நினைத்தாள். அழுத்தினாள்.

பெட்டி இரைந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கி, மூச்சுப் பட்ட கண்ணாடிபோலத் தகடு மங்கிக்கொண்டே வந்தது. எட்டு விநாடியில் ஒரு பக்கம் சாம்பல் நிறம். இன்னோர் எட்டு விநாடியில் மற்றது. கதவுக்கு வெளியே சத்தம் நின்றுபோயிருந்தது.

அவள் வெளியே வந்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. மேசையில் உட்கார்ந்து நகம் அவசர அவசரமாக வேலை பார்த்தாள். அளவு பார்ப்பதற்காக ஒட்டுப்பலகையில் அறுத்து வைத்திருந்த மர அலகுகள் இரண்டை எடுத்து, சாம்பல் கைப்பிடியில் ஒன்றும் பளபளக்கிற கைப்பிடியில் ஒன்றும் பொருத்தினாள். உலோகத்தில் கோடு போடுவதற்கு முன் பூசுகிற நீல மையை எடுத்து இரண்டு மர அலகுகளின் விளிம்பிலும் தடவினாள். கொஞ்சம் மை சட்டையிலும் பட்டது.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்ன நகம்மா இது? காலையில மூணும் ஜொலிச்சுது. இது என்ன காய்ச்சல்ல கிடந்த மாதிரி இருக்கு?"

"ரெண்டையும் மேசையில வைக்கணும் அண்ணி."

"உங்க அண்ணன் வைக்கச் சொன்னாரா?"

நகம் பதில் சொல்வதற்குள் கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள் கடைக்காரம்மா.

அறுபது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, சங்கிலியில் தொங்குகிற மூக்குக்கண்ணாடி. உபசாரம் எதுவும் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நேராக நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அண்ணன் பளபளக்கிற கத்தியை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைத் திருப்பினாள், வெளிச்சத்தில் சாய்த்தாள், மடக்கினாள், விரித்தாள்.

"படத்தைவிட நல்லா இருக்கு" என்றாள். "இதை யார் போட்டது?"

"என் தங்கச்சி, மேடம்" என்றான் அண்ணன்.

கடைக்காரம்மா நகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். இப்படி ஒரு மெருகை நாலஞ்சு தடவை பார்த்திருப்பேன்." சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அண்ணி தாள்களை அவள் பக்கம் நகர்த்தினாள்.

நகத்துக்கு அந்தப் பாராட்டை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம். ஈரக் கையில ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான் அண்ணன் சட்டென்று.

கடைக்காரம்மா பேனாவைத் தாளுக்கு மேலேயே நிறுத்தினாள். "ஏன், வேண்டாமா?"

கடைக்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டாள். நகம் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தையும், மடித்த அட்டையையும், மர அலகு போட்ட இரண்டு கைப்பிடிகளையும் கொண்டுவந்து வெள்ளைத் துணியின்மேல் வைத்தாள். அண்ணி கணவன் முகத்தைப் பார்த்தாள், நாத்தனார் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அட்டையில ஏற்கெனவே ஒரு கீறல் போட்டிருக்கேன். அதுல அலகை விட்டு பலமா அழுத்துங்க. மரம்தான், வெட்டாது."

கடைக்காரம்மா கையை நனைத்துக்கொண்டு பளபளக்கிற கைப்பிடியைப் பிடித்து அழுத்தினாள். கை வழுக்கி மேசையில் தட்டென்று இடித்தது. விரலை விரித்துப் பார்த்தாள். சுட்டுவிரலின் இரண்டாவது கணுவுக்குக் கீழே குறுக்காக ஒரு நீலக் கோடு, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி.

சாம்பல் கைப்பிடியைத் தானாகவே எடுத்தாள். மறுபடி நனைத்தாள், இன்னும் பலமாக அழுத்தினாள். கை நின்றது. விரலில் இரண்டாவது கோடு விழவில்லை.

"ஆனா இது பார்க்க ஒண்ணுமே இல்லியே" என்றாள். "பழைய ஸ்பூன் மாதிரி இருக்கு."

"ஆமா மேடம்" என்றாள் நகம். அதில் மறுக்க என்ன இருக்கிறது.

கடைக்காரம்மா நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "இது யாருக்காவது நடந்திருக்கா?"

கீழே டயர் கடையில் யாரோ காற்றுத் துப்பாக்கியால் நட்டுக் கழற்றினார்கள், ஒன்று, இரண்டு, மூன்று. சத்தம் ஓய்ந்தது. நகத்துக்குப் பதில் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, மேசைத் துணியில் சிந்திய சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனே சொல்லட்டும், இன்னும் பத்து எண்ணுவோம் என்று நினைத்தாள். ஏழு வரை எண்ணினாள்.

"நடந்திருக்கு" என்றான் அண்ணன்.

அப்புறம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். மெக்கானிக், கிரீஸ், அறுந்த நரம்பு. பூசி மெழுகாமல் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தான் போய் வியாழக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னதையும் சொன்னான். அந்த இடம் வந்ததும் அண்ணி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைக்காரம்மா பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "இன்னிக்குக் கையெழுத்து இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "அந்தச் சாம்பலுக்கு நிஜ அலகைப் போட்டுக் குடுங்க. ஒரு மாசம் என் பையில இருக்கட்டும். எதுவும் வாக்குக் குடுக்கல, புரியுதா?"

புரிந்தது. நகம் அலகைப் பொருத்திக் கொடுத்தாள். படியிறங்கும்போது கடைக்காரம்மா நின்று திரும்பி, "இந்த நீலம் போகுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் ஆகும் மேடம்."

கார் போனதும் அண்ணி தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் போட்டாள். கத்தவில்லை. "அஞ்சு நாளா ஒரே வீட்டுல சாப்பிட்டுத் தூங்கறோம்" என்று கணவனிடம் சொன்னாள். நகத்திடம் திரும்பி, "நீயும்தான். ஒரு வார்த்தை என் காதுல போட்டுட்டு அப்புறம் மேசைக்கு வந்திருக்கலாம். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன, வாசல்ல மாட்டற போர்டா?" என்றாள். இருவரும் தலைகுனிந்து நின்றார்கள். அன்று சாயங்காலமே அண்ணன் தோட்டக்காரரிடமும் கிடங்குப் பெண்ணிடமும் போய்க் கத்திகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தான். மறுநாள் அண்ணி மெக்கானிக் வீட்டுக்கு ஆறு மாடி ஏறினாள். அங்கே என்ன பேசினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் வாரா வாரம் மெக்கானிக்கை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது அண்ணன் வேலையானது.

அடுத்த சில வாரங்கள் பட்டறையில் யாருக்கும் நல்லதாக இல்லை. இரண்டு பேருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றானது. நகத்துக்குப் பக்கத்து மேசையில் ஒன்பது வருஷம் இருந்தவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அண்ணன் அவளிடம் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசுவதில்லை. செய்தது சரிதானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் சரிதான் என்றுதான் பதில் வந்தது. அதனால் தூக்கம் ஒன்றும் கூடுதலாக வந்துவிடவில்லை.

ஐந்தாவது வாரம் கடைக்காரம்மா போன் செய்தாள். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பையை விட்டு எடுக்கவே இல்ல. ஆனா கை எண்ணெய் பட்டுப் பட்டு அழுக்கேறி, கழுவாத பாத்திரமா ஆயிடுச்சு. இதை நான் என் கடையில வைக்க முடியாது. கண்ணாடியும் வேண்டாம், கரிச்சட்டியும் வேண்டாம். நடுவுல ஏதாவது இருக்கா?"

"பத்து நாள் குடுங்க மேடம்" என்றாள் நகம்.

மணல் பெட்டியில் கொத்திய தகட்டை எடுத்துச் சின்னச் சின்னப் பீங்கான் கற்களோடு ஓர் உருட்டு டிரம்மில் போட்டு ஓடவிட்டாள். கற்கள் உரசி உரசிச் சொரசொரப்பின் நுனிகளை மட்டும் மழுக்கும். இருபது நிமிஷம் ஓட்டியது இன்னும் அழுக்கைப் பிடித்தது. ஒரு மணி நேரம் ஓட்டியது மறுபடி வழுக்கியது. நாற்பது நிமிஷம் ஓட்டியது மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில், தொட்டால் மிருதுவாக, அழுத்தினால் பிடிப்பாக இருந்தது. அண்ணன் யாரும் கேட்காமலே கைப்பிடியின் முன்பக்கம் விரல் போய் முட்டி நிற்க ஒரு மேடு வைத்து வரைந்துகொண்டு வந்தான். பையில் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும் என்றான்.

சோதித்துப் பார்க்க மெக்கானிக்கே வந்தார், மனைவியோடு. விரல் மடங்கியது, ஆனால் முழுக்க இல்லை. முக்கால் தூரம் போய் நின்றுவிட்டது. இனிமேல் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மர அலகு போட்ட மூன்று கைப்பிடிகளை எடுத்து, கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒவ்வொன்றாக அட்டையில் அழுத்தினார். மனைவி ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது" என்றார் மெக்கானிக். நாற்பது நிமிஷத்தது.

கடைக்காரம்மா முதலில் சொன்னதில் பாதி எண்ணிக்கைக்குத்தான் கையெழுத்துப் போட்டாள். பட்டறை ஓட அது போதும், நிமிர அது போதாது.

ஒப்பந்தம் வந்த அன்றைக்கு எல்லோரும் போன பிறகு நகம் டிரம்மிலிருந்து கற்களை இரண்டு பக்கமும் காது வைத்த வாளியில் கொட்டி அலசிக்கொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்னிக்கு நான் வாயைத் திறக்கலைன்னா நீ சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன்."

"அது எனக்குத் தெரியும்." அவன் ஒரு கல்லை எடுத்து விரலில் உருட்டினான். "அதனாலதான் சொன்னேனா, இல்ல நானாவே சொன்னேனான்னு யோசிச்சுப் பார்க்கறேன்."

நகம் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "எது?"

"தெரியல" என்றான் அண்ணன். வாளியின் மறுபக்கக் காதைப் பிடித்துத் தூக்கினான். இருவருமாகக் கற்களைச் சுமந்துகொண்டு போய் டிரம்மில் கொட்டினார்கள்.